செவ்வந்தியின் கல்யாணம்

வர்ணிகா சிரித்தால் யுகேந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெண்டாட்டி சிரிப்பதைப் பொறுக்காத புருஷன் என்று எடுத்த எடுப்பில் அவனைத் திட்டிவிட வேண்டாம். அவளைச் சிரிக்க வைக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். அவளுக்குத் தெரியாது. தெரியவே கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அன்று சனிக்கிழமை மாலை. கோயம்புத்தூரில் அவிநாசி சாலையை ஒட்டி ஒரு சின்ன அரங்கம். ‘வாய்க்கு வந்தபடி’ என்ற குழு அங்கே வாராவாரம் நாடகம் போடும். நாடகம் என்றால் எழுதி வைத்து ஒத்திகை பார்த்துப் போடுவதல்ல. வந்திருப்பவர்களிடம் ஒரு பெயர் கேட்பார்கள், ஓர் ஊர் கேட்பார்கள், ஒரு தொழில் கேட்பார்கள். கேட்ட நிமிஷமே அதை வைத்துக்கொண்டு மேடையில் ஆரம்பித்துவிடுவார்கள். இன்ன முகம், இன்ன கதை என்று வீட்டுச் சுவரிடம் சொன்னால் முழுப் படத்தையே எடுத்துக் காட்டிவிடும் காலம் இது. அப்படியும் நாலு மனிதர்கள் எதிரே நின்று உளறுவதைப் பார்க்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். உளறினால்தான் மனுஷன் என்று ஆகிவிட்டது போலிருக்கிறது.

இந்த நிகழ்ச்சிக்கு நுழைவுச் சீட்டு அனுப்பியது நினைவு நிலையம். சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஆன தம்பதிகளை இப்படி வெளியே அனுப்பி வைப்பது அங்கே வழக்கமாம். வர்ணிகாவிடம் ஆபீஸில் ஒருவர் கொடுத்தார் என்று சொல்லி வைத்திருந்தான். அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு, வழியில் பூ வாங்கி வைத்துக்கொண்டு, கல்லூரிப் பெண் மாதிரி முன்னால் நடந்தாள். அவன் பின்னால் போனான்.

நடந்தது இதுதான். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. ஆறு வயது. ஒரு காலையில் வர்ணிகா ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஒரு திருப்பத்தில் லாரிக்காரன் அகலமாக வளைத்தான். ஹெல்மெட் போட்டிருந்தவள் பிழைத்தாள். பிழைத்தாள் என்று சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. இரண்டு தடவை சாவதற்கு முயன்று, இரண்டு தடவையும் யுகேந்திரன் கதவை உடைக்க வேண்டி வந்தது. மூன்றாவது தடவைக்கு உடைக்க நான் வீட்டில் இருப்பேனோ என்னவோ என்ற பயத்தில்தான் அவன் நினைவு நிலையத்துக்குப் போனான்.

அங்கே ஆலோசகர் விமலாதேவி அவனை உட்கார வைத்து விளக்கினார். நிதானமான மனுஷி. வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர்.

“மொத்தமா அழிக்க முடியாதுங்க. பேரு, பாட்டு, பழக்கவழக்கம், இதெல்லாம் மூளையில வேற வேற மூலையில கிடக்கும். அதை ஒண்ணா சேர்த்து வெச்சிருக்கற முடிச்சைத்தான் நாங்க அவுக்கறோம். பேரு ஞாபகம் இருக்கும். அது யார் பேருன்னு இருக்காது. சேலை அப்படியே இருக்கும், கட்டின ஆளுதான் இருக்காதுன்னு வெச்சுக்கங்க.”

இருவருக்குமே செய்துவிடுங்கள் என்று யுகேந்திரன் கேட்டான். அதற்குச் சட்டம் இடம் தரவில்லை. சிகிச்சை வந்த புதிதில் குடும்பம் குடும்பமாக மறந்திருக்கிறார்கள். அப்புறம் கல்யாண வீட்டிலோ கோயிலிலோ விவரம் தெரியாத யாராவது வந்து, எங்கே உங்கள் பையனைக் காணோம் என்று கேட்டுவிட, வீடு மொத்தமும் ஒரே நேரத்தில் நிலைகுலைந்து போயிற்று. அதனால் ஒரு வீட்டில் ஒருவர்தான் மறக்கலாம், மற்றவர் நினைவோடு இருந்து அவரைக் காக்க வேண்டும் என்று விதி கொண்டு வந்தார்கள். சட்டத்தில் அந்த ஆளுக்குக் காப்பாளர் என்று பெயர். ஜனங்கள் வைத்த பெயர் சுமைதாங்கி.

காப்பாளரால் தாங்க முடியாமல் போய், மறந்தவரிடமே வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அப்போதே கேட்டு வைத்தான். அந்த மாதிரி ஆனால் அவரையும் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டு, நெருங்கிய உறவில் ஒருவரைக் காப்பாளராகப் போடுவோம் என்றார் விமலாதேவி. ஆனால் உண்மை காதில் விழுந்தவரின் கதி என்ன ஆகும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

வர்ணிகா மறந்தாள். விபத்தில் தலையில் அடிபட்டுக் கொஞ்சம் நினைவு போய்விட்டது என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. வீடு மாற்றினார்கள். சொந்தக்காரர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் மெல்ல மெல்லச் சாப்பிட்டாள், தூங்கினாள், சிரித்தாள். கல்யாணமான புதிதில் இருந்தது போலவே ஆகிவிட்டாள்.

யுகேந்திரன்தான் பழையபடி ஆகவில்லை. குழந்தையின் பிறந்த நாள் வந்து போனதும் அவனுக்கு மட்டும் தெரிந்தது. தெருவில் ஆறு வயதுப் பிள்ளைகள் போனால் அவன் மட்டும் வேறு பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. இதில் வெளியே சொல்ல வெட்கப்படுகிற இன்னொன்றும் உண்டு. வண்டியை ஓட்டியது அவள். மறந்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் அவள். ஓட்டாதவன் எதற்காகச் சுமக்க வேண்டும்? இந்தக் கேள்வி ஒரு வருஷமாக அவன் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மாட்டேன் என்றது.

அதனால் என்னால் முடியவில்லை, என்னையும் விட்டுவிடுங்கள் என்று மனுப் போட்டிருந்தான். திருப்பூரில் இருக்கும் அவன் அக்கா காப்பாளராக இருக்கச் சம்மதித்திருந்தாள். நிலையத்திலிருந்து பதில் இன்றைக்கோ நாளைக்கோ வர வேண்டும். இந்தப் பதில் ஒன்றுக்காகத்தான் அவன் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

நிகழ்ச்சியை நடத்தியவன் ஜோயல் என்ற ஒல்லியான இளைஞன். நடிக்க ஆஜானுபாகுவாகக் குணா என்று ஒருவன், குள்ளமாக நஸ்ரின் என்று ஒரு பெண். முதலில் ஒரு தொழில் கேட்டார்கள். பின்னாலிருந்து யாரோ பால் சொசைட்டி என்று கத்தினார்கள். ஓர் ஊர் கேட்டார்கள். செவ்வாய் கிரகம் என்று ஒரு பையன் கத்தினான். அவ்வளவுதான், குணா மாடானான், நஸ்ரின் பால்காரியானாள், ஜோயல் பாலைச் சோதிக்கிற அதிகாரி ஆனான். பாலில் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, தண்ணி கலந்திருக்கு என்றான் அதிகாரி. இந்தக் கிரகத்திலேயே தண்ணி கிடையாதே சாமி, எங்கிருந்து கலப்பேன் என்றாள் பால்காரி. அதுதான் எனக்கும் புரியலை, எங்கூர்க்காரி நீ, எப்படியாவது கலந்திருப்பே என்றான் அதிகாரி.

அரங்கம் அதிர்ந்தது. வர்ணிகா யுகேந்திரனின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவன் உதட்டை இழுத்து வைத்துக்கொண்டான்.

அடுத்தது ‘ஒரு வாழ்க்கை’ என்று அறிவித்தார்கள். யாரோ ஒருவருடைய பெயரைக் கூட்டத்தில் ஒருவர் சொல்ல வேண்டும், குணத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆளின் வாழ்க்கை முழுவதையும் மேடையில் நடத்திக் காட்டுவார்கள். ஜோயல் மைக்கோடு கீழே இறங்கி, நாலைந்து பேரைத் தாண்டி, மூன்றாவது வரிசையில் வர்ணிகாவின் முன்னால் வந்து நின்றான்.

வர்ணிகா ஒரு கணம் யோசித்தாள். “செவ்வந்தி,” என்றாள்.

யுகேந்திரனுக்கு நாற்காலி நழுவியது போலிருந்தது. ஒரு வருஷமாக அந்தப் பெயரை அவன் வேறு யார் வாயிலும் கேட்டதில்லை. தன் வாயிலும் வந்ததில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான்.

இந்தக் காலத்தில் யாரம்மா இப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று ஜோயல் கேட்க, கூட்டம் சிரித்தது. ஏனோ தெரியவில்லை, கேட்டதும் வாயில் வந்தது என்றாள் வர்ணிகா. பெயர் ஞாபகம் இருக்கும் என்று விமலாதேவி சொன்னாரே, அதுதான் இது, பயப்பட ஒன்றுமில்லை என்று யுகேந்திரன் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டான். ஜோயல் விடவில்லை. ஆளுக்கு என்ன வயது, என்ன குணம் என்று கேட்டான்.

“சின்னப் பொண்ணுங்க. ஆறு வயசுன்னு வெச்சுக்கங்க. செருப்பை எப்பவும் கால் மாத்தித்தான் போடும். சோத்துல கெடக்கற கறிவேப்பிலையெல்லாம் பொறுக்கி அம்மா தட்டுல வெச்சிரும். அப்புறம்...” வர்ணிகா கூரையைப் பார்த்து யோசித்தாள். அவள் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. “தூங்கறப்ப காதைப் புடிச்சாத்தான் தூக்கம் வரும். தன் காது இல்லீங்க. பக்கத்துல படுத்திருக்கறவங்க காது.”

யுகேந்திரனின் கை தன்னால் அவன் இடது காதுக்குப் போயிற்று.

பெயர் இருக்கும் என்று சொன்னார்கள். கறிவேப்பிலை இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே. முடிச்சு மறுபடி விழுகிறதோ என்று அவள் முகத்தையே பார்த்தான். ஒன்றுமில்லை. எல்லோரும் ரசிக்கும்படி ஒரு குழந்தையைக் கற்பனை செய்துவிட்டோம் என்ற பெருமை மட்டும்தான் அதில் இருந்தது. சேலை அப்படியே இருக்கிறது, கட்டின ஆள் இல்லை.

இந்தப் பெண்ணுக்கு ஓர் அப்பா வேண்டுமே என்றான் ஜோயல். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கிறாரே, முகத்தைப் பார்த்தாலே பெண்ணைப் பெற்றவர் மாதிரி இருக்கிறது என்றான். யுகேந்திரன் மறுத்தான். கையெடுத்துக் கும்பிட்டான். வர்ணிகா எழுந்து நின்று அவனைப் பிடித்துத் தள்ளினாள். “போங்க, ஏனுங்க, ஒரு நாளைக்காவது சந்தோஷமா இருங்களேன்,” என்றாள். கூட்டம் கைதட்டியே அவனை மேடையில் ஏற்றிவிட்டது.

ஏறியதும் ஜோயல் அவன் தோளில் கை போட்டு, இங்கே ஒரே ஒரு சட்டம் என்றான். மேடையில் யாரும் எதையும் இல்லை என்று சொல்லக் கூடாது. எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் ஆமாம் என்று வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம் சார் என்று சமாதானமும் சொன்னான். ஒரு வருஷமாக யுகேந்திரன் வீட்டில் பார்க்கிற உத்தியோகமே அதுதான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வயிற்றில் இருக்கும் பிரசவத் தழும்பைத் தடவிக்கொண்டு, இது கட்டி எடுத்ததுதானே என்று வர்ணிகா கேட்பாள். ஆமாம், நெல்லிக்காய் அளவு இருந்தது, டாக்டரே பயந்துவிட்டார் என்று அவன் சேர்த்துவிடுவான்.

நஸ்ரின் முழங்காலில் நின்று, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, தத்தித் தத்தி வந்தாள். அவளுக்கும் செவ்வந்திக்கும் எந்தச் சாடையும் கிடையாது. குரலும் வேறு. யுகேந்திரனுக்கு அது ஆறுதலாக இருந்தது. முதலில் குழந்தை இட்லியை ஒளித்து வைத்தது. அப்பா கண்டுபிடித்தார். குழந்தை அப்பாவின் போனை வெந்நீரில் குளிப்பாட்டியது. அப்பா துவட்டினார். அவன் பேருக்கு ஏதோ சொன்னான், கூட்டம் அதற்கே சிரித்தது. இப்படியே தப்பித்து இறங்கிவிடலாம் என்று நினைத்தான்.

அப்போது நஸ்ரின் அண்ணாந்து பார்த்து, “அப்பா, அம்மா எங்க?” என்று கேட்டாள்.

மேடைக்காரிக்கு வாயில் வந்த கேள்வி. அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனால் யுகேந்திரனின் நாக்கு நுனியில் பதில் தயாராக வந்து நின்றது. உங்கம்மாதான் வண்டி ஓட்டினாள். ஓட்டிவிட்டு மறந்துவிட்டாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாள் பார். இத்தனையும் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாக்கியம் போதும். காப்பாளர் வாய் தவறிவிட்டார் என்று ஆகிவிடும். மனுவும் வேண்டாம், பதிலும் வேண்டாம், அவனுக்கும் விடுதலை. அவள் கதி என்னவாகும் என்று கேட்டால், இத்தனை நாள் என் கதி என்னவாயிற்று என்று யாராவது கேட்டார்களா?

அரங்கம் அவன் பதிலுக்குக் காத்திருந்தது. வர்ணிகா சிரிப்பதற்குத் தயாராக, நாற்காலி நுனிக்கு வந்து, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அவனுக்கு அந்த முகத்தின் மேல் வெறுப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அது வேறு என்னமோ ஆகிவிட்டது.

“அம்மா சிரிச்சிட்டிருக்கா, அம்மணி,” என்றான். “தொந்தரவு பண்ணாத.”

குழந்தையை அம்மணி என்று வீட்டில் கூப்பிட்டுப் பழகிய நாக்கு, தானாகச் சொல்லிவிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. வர்ணிகாதான் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தாள். நஸ்ரின் கெட்டிக்காரி, விடவில்லை. அம்மா எதற்குச் சிரிக்கிறாள் என்று கேட்டாள். உன்னைப் பார்த்துத்தான் என்றான். அப்படியானால் அம்மாவுக்கு என்னைப் பிடிக்குமா என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினான்.

எனக்குத் தூக்கம் வருகிறது என்று நஸ்ரின் அவனைத் தரையில் உட்கார வைத்து, அவன் மடியில் சாய்ந்தாள். சாய்ந்து, கையை நீட்டித் தேடி, அவனுடைய இடது காதைப் பிடித்துக்கொண்டாள். வலது காதைப் பிடித்திருக்கலாம். அவள் இருந்த பக்கத்துக்கு இடது காதுதான் எட்டியது, வேறொன்றுமில்லை. யுகேந்திரன் உடைந்துவிட்டான். சத்தம் வராமல் அழத் தெரிந்தவன்தான் அவன், ஒரு வருஷப் பயிற்சி. ஆனால் சட்டைக் காலரில் மைக் மாட்டியிருந்தார்கள். அவன் அழுகை அரங்கம் முழுவதும் கேட்டது.

முதலில் சிரித்தார்கள். பிறகு நிறுத்தினார்கள். பிறகு கைதட்டினார்கள். மனுஷன் என்னமாய் நடிக்கிறான் என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்தவரிடம் சொன்னது அவனுக்கே கேட்டது.

சமயம் பார்த்து ஜோயல் வர்ணிகாவிடம் திரும்பி, நீங்கள் பெற்றெடுத்த பாத்திரம், முடிவை நீங்களே சொல்லுங்கள், செவ்வந்தியை என்ன செய்யலாம் என்று கேட்டான். வர்ணிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாணம் பண்ணி வைத்துவிடுங்கள், பாவம், அந்த அப்பா கொஞ்சம் சந்தோஷப்படட்டும் என்றாள்.

உடனே நஸ்ரின் வளர ஆரம்பித்தாள். ஏழு வயது என்று ஜோயல் அறிவித்தான், அவள் ஒரு முழங்காலைத் தூக்கினாள். பத்து என்றான், அரைகுறையாக எழுந்தாள். பதினைந்து என்றான், எழுந்து நின்று கண்ணாடி பார்த்தாள். கூட்டத்துக்கு ஒவ்வொன்றும் வேடிக்கையாக இருந்தது. யுகேந்திரன் ஏழு என்ற இடத்திலேயே நின்றுவிட்டான். ஆறுக்கு மேல் அவனுக்கு எண்ணத் தெரியாது. அவள் ஏழு வயதில் எப்படி இருப்பாள், பதினைந்தில் எப்படி நிற்பாள் என்று நினைக்கக் கூடாதென்று அவன் தனக்குத்தானே கட்டுப்பாடு விதித்துக்கொண்டிருந்தான். அதையெல்லாம் ஒரு குள்ளமான பெண் கைதட்டலுக்கு நடுவே தாண்டித் தாண்டிப் போனாள்.

குணா துண்டை வேட்டியாகச் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளையாக வந்து உட்கார்ந்தான். ஜோயல் ஐயர் ஆனான். மந்திரத்துக்குப் பதில் கோயம்புத்தூர் பஸ் நிறுத்தங்களின் பெயரை வரிசையாக ஓதினான். பெண்ணைப் பெற்றவர் தாரை வார்க்க வேண்டும் என்று யுகேந்திரன் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்கள். மூடி திறக்கவில்லை. கை வழுக்கிற்று. பல்லால் கடித்துப் பார்த்தான். பெண்ணைக் கொடுக்க மனசில்லை போலிருக்கு என்று குணா முறைத்தான். சிரித்துச் சிரித்துக் கூட்டத்துக்கு மூச்சு முட்டியது. கடைசியில் மூடி திறந்தது. நஸ்ரினின் கையைக் குணாவின் கையில் வைத்து, அதன் மேல் யுகேந்திரன் தண்ணீரை விட்டான். நாடகத்துக்கு ஒரு சொட்டுப் போதும். அவன் பாட்டில் தீரும் வரை விட்டான்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வர்ணிகா விசிலடித்தாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் வர்ணிகா நஸ்ரினோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் போய் நின்றாள். யுகேந்திரன் முகம் கழுவிவிட்டு வெளிக்கூடத்துக்கு வந்தான். டீ மேஜையருகே விமலாதேவி நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் ஆச்சரியமாக இருந்தது. அடுத்த நொடியில் ஆச்சரியம் போய்விட்டது. மூன்றாவது வரிசைக்கு நாலைந்து பேரைத் தாண்டி ஜோயல் ஏன் வந்தான் என்று விளங்கிவிட்டது.

ஜோயலை எங்களிடம் நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று கேட்டான். ஆமாம் என்றார், மறைக்கவில்லை. அவளைச் சோதித்தீர்களா என்றான்.

“அவங்களைச் சோதிக்க என்னங்க இருக்கு? அந்தப் பேரு எப்படியும் வெளிய வரும்னு எங்களுக்குத் தெரியும். சோதனை உங்களுக்குத்தான். தாங்க முடியலைன்னு மனுப் போடறவங்க எல்லாருமே அதையேதான் எழுதறாங்க. நிஜமாவே முடியலையான்னு இப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கு.”

“நான் தாங்கினேனா?”

“உங்க அளவுக்குத் தாங்கினவங்களை நான் பார்த்ததில்லைங்க,” என்றார் விமலாதேவி. பாராட்டாகத்தான் சொன்னார். அதனால் மனு தள்ளுபடி ஆகிறது என்பதையும் அதே குரலில் சொன்னார். தாங்கக்கூடியவரை விடுவிக்கச் சட்டத்தில் வழியில்லை. மறுபடி மனுப் போடவும் முடியாது.

அந்த நடிகைக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டான். தெரியாது, தெரிந்தால் இவ்வளவு நன்றாக வராது என்றார். அப்புறம் கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டான். மேடையில் நான் அதைச் சொல்லியிருந்தால்?

விமலாதேவி கண்ணாடிக் கதவுக்கு வெளியே காட்டினார். வாசலில் நிலையத்தின் வெள்ளை வேன் நின்றது. உள்ளே டாக்டர் இருக்கிறார் என்றார். சொல்லியிருந்தால் வர்ணிகாவை அந்த நிமிஷமே தூங்க வைத்து, இன்றைக்கே மறுபடி முடிச்சை அவிழ்த்திருப்பார்கள். அவளுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. கூடவே அவனையும் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

“அவ கதி என்ன ஆகும்னு உறுதி சொல்ல முடியாதுன்னு அன்னிக்குச் சொன்னீங்களே.”

“அப்படிச் சொல்லாட்டி எந்தக் காப்பாளருங்க ஒரு வாரம் தாங்குவாங்க?”

யுகேந்திரனுக்கு அவரை அறையத் தோன்றியது. ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் இந்நேரம் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சொல்லாமல் நல்லவனாக இருந்து தொலைத்தான். நல்லவனாக இருந்ததற்கு ஆயுள் தண்டனை. விமலாதேவி டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இது தெரிந்த பிறகு சொன்னால் வாய் தவறியதாகக் கணக்கில் வராது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் வேனும் போய்விட்டது.

வர்ணிகா பூரிப்போடு திரும்பி வந்தாள். டாக்சி ஏறினார்கள். ஓட்டுநர் இல்லாத வண்டி, தன் பாட்டுக்குப் போயிற்று. வெளியே கடைகளில் இன்னும் கூட்டம் இருந்தது. அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மேடையில் நீங்கள் அழுதபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது, உங்களுக்குள் இப்படி ஓர் ஆள் இருப்பது தெரியாமல் போயிற்றே என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, எனக்கு ஒண்ணு தோணுச்சு. இனி நாம குழந்தைக்குப் பார்க்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல. பொண்ணு பொறந்தா செவ்வந்தின்னே வெச்சிரலாமுங்க.”

“வேண்டாம்,” என்றான் யுகேந்திரன்.

அவள் கையை விட்டாள். விபத்துக்குப் பிறகு அவள் கேட்ட எதையும் அவன் மறுத்ததில்லை. ஏன் என்று கேட்டாள். பழங்காலத்துப் பெயர், நன்றாயில்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தோடு பேச்சு முடிந்திருக்கும். அந்தப் பெயரைக் குறை சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை.

“அந்தப் பேர்ல எனக்கு ஒருத்தியைத் தெரியும்.”

வர்ணிகா அவனைத் திரும்பிப் பார்த்தாள். தெருவிளக்கு அவள் முகத்தில் விழுந்து விழுந்து போயிற்று.

“நம்ம கல்யாணத்துக்கு முந்தியா?”

அவன் பேசாமல் இருந்தான். அந்த மௌனத்துக்கு அவள் தனக்குத் தோன்றிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள்.

“ரொம்பப் புடிக்குமா அவளை?”

“ஆமா.”

“இப்ப எங்க இருக்கா?”

“இல்லை. செத்துட்டா.”

வண்டி பாலத்தில் ஏறி இறங்கியதும், மேடையில் அழுதது அவளை நினைத்தா என்று கேட்டாள். ஆமாம் என்றான். நான் எதிரே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்க, நீங்கள் எவளையோ நினைத்து அழுதீர்களா என்றாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அப்படியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சமாதானமாகியிருப்பாள். அப்படியில்லை என்றால் எப்படி என்று அடுத்துக் கேட்பாள்.

“இன்னும் நினைச்சிட்டுத்தான் இருக்கீங்களா?”

“தினமும்.”

வர்ணிகா அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையை அவனுக்குத் தெரியும். மூக்கு விடைத்து, கீழுதடு நடுங்கி, பிறகுதான் சத்தம் வரும். விபத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் மகளுக்காக அப்படித்தான் அழுதாள். இப்போது அதே மகள்மேல் பொறாமைப்பட்டு, அதே மாதிரி அழுதாள். அவளை அணைத்துக்கொள்ள அவன் கையை நீட்டினான். அவள் தட்டிவிட்டு மறு ஓரத்துக்கு நகர்ந்தாள். வண்டி அவர்கள் தெருவுக்குள் திரும்பும் வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவள் இறங்கவில்லை. முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“செத்துப் போனவகிட்ட நான் சண்டைக்குப் போக முடியாது,” என்றாள். “ஆனா ஒண்ணு. இனிமே நம்ம வீட்டுக்குள்ள அவ பேரை யாரும் எடுக்கக் கூடாது. நீங்களும் எடுக்கக் கூடாது. மறந்துட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணுங்க.”

யுகேந்திரன் அவள் நீட்டிய கையில் தன் கையை வைத்து, மறந்துவிட்டேன் என்று சத்தியம் செய்தான்.